நெட்வொர்க்கிங் என்றால் வயர் இழுக்கிற வேலையா?

அம்மா, போன முறை வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. "கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் கோடிங் என்கிறார்கள், இவள் மட்டும் நெட்வொர்க்கிங் என்கிறாள். அது வயர் இழுக்கிற வேலைதானே?" நெட்வொர்க்கிங் என்பது கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட வைக்கிற வேலை, வயர் இழுப்பதும் அதில் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது சரியில்லாவிட்டால் மேலே எதுவும் ஓடாது. ஆனால் உங்கள் மகள் ஆசைப்படுவது, கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு. "நெட் ஸ்லோ" என்று நூறு பேர் சொல்வார்கள். ஏன் ஸ்லோ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்தால் பயம் குறையும். நீங்கள் ஒரு போட்டோ அனுப்பினால் அது முழுசாகப் போவதில்லை. 1,500 பைட்டுக்கு மிகாத சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றிலும் சேர வேண்டிய ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்தக் கணினிக்கு உரிய எண், இருக்கும். வழியில் பாக்கெட்டுகளைத் திருப்பிவிடும் கருவிதான் ரவுட்டர், அது எதற்கும் முழுப் பாதை தெரியாது. தன் அட்டவணையைப் பார்க்கும், அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடும், அவ்வளவுதான். இதைத்தான் ரவுட்டிங் என்கிறார்கள்.

அந்த அட்டவணை கெட்டால் என்ன ஆகும்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோனது ஞாபகம் இருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்தின் அட்டவணைகளிலிருந்து மறைந்தது. சர்வர்கள் இருந்தன, போய்ச் சேர வழி இல்லை. அத்தனை நல்ல கோடிங் ஆட்கள் இருந்தும் அன்றைக்குத் தேவைப்பட்டது நெட்வொர்க் தெரிந்தவர்கள்.

வைஃபை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் சில நேரம் எதுவும் நகராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் வழக்கமாக 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்தில் எல்லாரும் 6-இல் இருந்தால் நாம் 11-க்கு மாறிப் பார்க்கலாம்.

நான் அவளிடம் அதிகம் பேசியது நெரிசலைப் பற்றித்தான். 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இடைவெளி சுமார் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது 40 பிட்டுக்கு இறங்கியது, அதாவது நொடிக்கு 5 பைட். வயர் அறுந்துபோகவில்லை. பாக்கெட் தொலைந்தால் கணினிகள் திரும்ப அனுப்பின, அதனால் கூட்டம் கூடியது, இன்னும் தொலைந்தது, இன்னும் அனுப்பின. வான் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட தீர்வு, எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. முதலில் கொஞ்சமாக அனுப்பு, பதில் வர வரக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி மெல்ல ஏறு. யாரும் மேலே நின்று உத்தரவு போடவில்லை, ஒவ்வொரு கணினியும் தானாக விட்டுக்கொடுத்தது. பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதிமுறை இன்றும் அந்த அடிப்படையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

சரி, இனி என்ன செய்ய வேண்டும்? சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ-வுக்குப் படிக்கட்டும், நல்ல பாடத்திட்டம். ஆனால் கேள்வி பதிலை வாங்கி மனப்பாடம் செய்து தேர்வு எழுத மட்டும் விடாதீர்கள். நேர்முகத்தில் "பிரவுசரில் முகவரி தட்டியதும் என்ன நடக்கிறது, வரிசையாகச் சொல்" என்று கேட்டால் அந்த வேஷம் அங்கேயே கலைந்துவிடும். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைக் கையால் போட்டுப் பழக வேண்டும். திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகப் பாக்கெட் டிரேசர், போகிற பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க வயர்ஷார்க், இரண்டும் இலவசம். கூடவே லினக்ஸ் இயங்குதளம், கொஞ்சம் பைத்தான் கோடிங். ரவுட்டரில் கட்டளை தட்ட மட்டும் தெரிந்தவர்களுக்கு இடம் குறைந்துகொண்டு வருகிறது, இதை மறைக்க விரும்பவில்லை. கணினிகளை இணையம் வழியே வாடகைக்குத் தரும் கிளவுட் வந்துவிட்டதே என்கிறீர்கள். அங்கேயும் சப்நெட், ரவுட் டேபிள் என்கிற அதே அட்டவணை, வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வால் எல்லாம் இருக்கின்றன, திரையில் வரைகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்று, முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையத்தில் ஷிப்டில் இருக்கும், இரவு வேலையும் வரும். அதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். ஆர்டர் கிடைத்த அன்றைக்குச் சண்டை வேண்டாம்.

இந்த வாரம் அவள் ஒரு சோதனை செய்யட்டும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டுக் கணினியில் பிங் என்ற கட்டளையை (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) ஓடவிட்டால் வரிசையாக எண்கள் வரும், 20, 22, 21 என்பது போல. அது போய்த் திரும்பும் நேரம், மில்லி செகண்டில். அது ஓடும்போதே ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்த எண் நூறைத் தாண்டி ஏறும், அப்லோடு முடிந்ததும் இறங்கிவிடும். ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன, பிங்கும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் நன்றாகக் காட்டியும் வீடியோ காலில் குரல் வெட்டுவது பல நேரம் இதனால்தான். சில ரவுட்டர்கள் வரிசையை நன்றாகக் கையாளும், அங்கே எண் ஏறாது. அப்படி ஆனாலும் பரவாயில்லை, ஏன் ஏறவில்லை என்று அவள் யோசிக்கட்டும்.

பார்த்த எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த முறை எடுத்து வரச் சொல்லுங்கள். எனக்கு விளக்க வேண்டாம், உங்களுக்குப் புரியும்படி அவள் சொல்லட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.