சுழலும் சிறை: கேள்வி பதில்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில் இருக்கும் பழைய மான்ட்கோமரி கவுண்டி சிறை (1882) பற்றி வந்த கேள்விகள். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம்.

கே: கட்டடமே சுற்றுமா சார்?
ப: சுற்றாது. செங்கல் சுவர் அப்படியே நிற்கும். உள்ளே இரண்டடுக்கு இரும்பு உருளை ஒன்று உண்டு, அதுதான் திரும்பும். தர்பூசணியைக் கூறு போட்ட மாதிரி அடுக்குக்கு எட்டு அறை, மொத்தம் 16. அறைகளுக்குக் கதவு கிடையாது. உருளையைச் சுற்றி அசையாத கம்பிக்கூண்டு. அதில் அடுக்குக்கு ஒரே ஒரு வாசல். காவலர் கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரங்கள் உருளையைத் திருப்பும். வேண்டிய அறை வாசலுக்கு நேரே வந்ததும் நிறுத்த வேண்டியது. மற்ற அறைகளுக்கு எதிரே வெறும் கம்பிதான்.

கே: எதற்கு இந்தச் சுற்று வேலை?
ப: காவலர் கைதியின் கைக்கெட்டும் தூரத்துக்கே போகக்கூடாது என்பதுதான் நோக்கம். இண்டியானாபொலிஸைச் சேர்ந்த வில்லியம் பிரவுனும் பெஞ்சமின் ஹாவும் 1881இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள்.

கே: கழிப்பறை?
ப: அறைக்குள்ளேயே. குழாய்கள் நடுத்தண்டு வழியாகப் போகும்.

கே: இப்போதும் சுற்றுமா?
ப: சுற்றும்.

கே: அயோவா மாநிலத்தில் இதே போல மூன்றடுக்குச் சுழலும் சிறை உண்டே, அதுதானே பெரியது? இதை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
ப: பெரியதுதான். கவுன்சில் பிளஃப்ஸ், 1885, அடுக்குக்குப் பத்தாக 30 அறை. ஆனால் அடுக்கு கூடக் கூட எடையும் கூடும். பல்சக்கரம் சிக்கினால் 30 அறைக்கும் சேர்த்துத்தான் சிக்கும். 1960இல் அதைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். 1969 வரை சிறையாக மட்டும் ஓடியது. பெரிதாகக் கட்டுவது சாமர்த்தியம் இல்லை.

கே: அப்படியானால் கிராஃபோர்ட்ஸ்வில்லில் கோளாறே இல்லையா?
ப: யார் சொன்னது? உருளை திரும்பும்போது கம்பிக்கு வெளியே நீட்டிய கையும் காலும் நசுங்கின. தீப்பிடித்தால் இன்னும் மோசம்: வாசல் ஒன்று, அறை எட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பித்தான் ஆளை வெளியே எடுக்க முடியும். அதனால்தான் 1930களின் இறுதியில் உருளையை அசையாமல் நிறுத்தினார்கள். சிறை 1973 வரை இயங்கியது; 1975 முதல் அருங்காட்சியகம். இப்போது உருளை மறுபடியும் சுற்றுகிறது.

கே: இப்போது சுற்றுகிறதா?
ப: மேலே பாருங்கள்.

கே: குழந்தைகளோடு போகிறோம், உருளை சுற்றுமா?
ப: சுற்றும், சுற்றும், சுற்றும்! கம்பி இடுக்கில் பிள்ளைகள் விரலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) எங்கே தங்குவார்?
ப: சிறை இயங்கிய காலத்தில் அதே கட்டடத்தின் முன்பகுதியில், குடும்பத்தோடு.