சென்னையை ஒட்டிய முட்டுக்காடு, எண்ணூர் பக்கம் கொடுவா பிடிக்க எந்தத் தண்ணீருக்கு எந்த லூர் போடுவது?

நீங்கள் கேட்டது இரண்டு. ‘பாஸ்’ மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து வாங்கிய லூர்களை (தூண்டிலில் கட்டும் செயற்கை இரைகளை) முட்டுக்காட்டில் கொடுவா தொடவே இல்லை, ஏன்? கலங்கல் தண்ணீருக்கு எந்த நிறம், தெளிந்த தண்ணீருக்கு எந்த நிறம்?

அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வருவது அமெரிக்க நன்னீர் ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸ். நம் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் ‘ஆசிய சீ பாஸ்’ என்று பெயர் உண்டு. பெயர்தான் ஒட்டுகிறது, குடும்பம் வேறு. லார்ஜ்மவுத் தரையில் அசையாமல் கிடக்கும் ரப்பர் புழுவையும் கவ்வும். கொடுவா பாலத் தூண், கருங்கல் சரிவு, மூழ்கிய கட்டை என்று எதையாவது ஒட்டி நிற்கும். நீரோட்டம் கொண்டுவரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் சட்டென்று வாய் திறந்து உறிஞ்சிவிடும். பெரும்பாலும் தனக்கு நேராகவோ சற்று மேலேயோ வருவதைத்தான் எடுக்கும். அதனால் புழு வகைகளை ஒதுக்கி வையுங்கள். வால் துடிக்கும் பேடில் டெயில் ரப்பர் மீன், முகத்தில் லிப் எனும் சிறு தகடு வைத்த மின்னோ (சிறு மீன் வடிவ பிளாஸ்டிக் லூர்), லிப் இல்லாமல் இழுக்கும்போது அதிரும் வைப், மேற்பரப்பில் ஓடும் பாப்பர், இந்த நான்கு போதும்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் லூர் எந்த ஆழத்தில் போகிறது, பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது, பிறகு அளவு, சத்தம். மீனின் முகத்துக்கு இரண்டடி கீழே போகும் லூர் எந்த நிறத்தில் இருந்தும் பயனில்லை.

தண்ணீர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓதத்தன்று கூட நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அந்தக் கொஞ்ச ஓட்டமே கொடுவாவுக்குச் சாப்பாட்டு மணி. வற்றம் (நீர் இறங்குவது) தொடங்கி முதல் ஒன்றரை இரண்டு மணி நேரம், ஓடைகள் கழிமுகத்தில் சேரும் வாய்களில் நில்லுங்கள். ஆனால் முட்டுக்காட்டிலும் அடையாற்றிலும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்கள் உண்டு. அப்போது ஓத அட்டவணையைப் பார்த்துப் பயனில்லை, காற்றைப் பாருங்கள். கடல்காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அங்கேதான் சிறு மீன் ஒதுங்கும்.

ஓட்டத்துக்கு நல்லது ஜிக் ஹெட்டில் (கொக்கியோடு வரும் ஈயத் தலையில்) கோத்த 4 அங்குலப் பேடில் டெயில். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 5 முதல் 7 கிராம். இரண்டு மூன்று மீட்டரும் மிதமான ஓட்டமும் என்றால் 10 முதல் 14 கிராம். முகத்துவாரத்தின் வேகத்தில் 20 கிராமும் பத்தாமல் போகலாம். ஓட்டத்தின் குறுக்கே, கொஞ்சம் மேல்பக்கமாக வீசி, நரம்பு தொய்யாமல் தண்ணீரோடு போகவிடுங்கள். ஒரு வீச்சில் ஒன்றிரண்டு முறை தரையை ‘டொக்’ என்று தொட்டால் எடை சரி. தொடவே இல்லையென்றால் ஒரு படி கூட்டுங்கள், ஒவ்வொரு முறையும் சேற்றில் புதைந்தால் ஒரு படி குறையுங்கள். ரப்பரைக் கோணலாகக் கோத்தால் லூர் சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும். கொக்கி வெளியே வரவேண்டிய இடத்தை ரப்பரின் பக்கவாட்டில் வைத்து அளந்துகொண்டு கோத்துவிடுங்கள்.

ஓட்டமில்லாத தெளிந்த தண்ணீர், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் இதுதான். இதற்கு 7 முதல் 9 செ.மீ. சஸ்பெண்டிங் மின்னோ, அதாவது இழுப்பதை நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கும் வகை. வெள்ளி நிறம் அல்லது கண்ணாடி போன்ற உடல். இரண்டு முறை சுண்டி, நிறுத்தி மூன்று முதல் ஐந்து நொடி பொறுங்கள், மறுபடி சுண்டுங்கள். அடி பெரும்பாலும் நிற்கும்போதுதான் விழும். வேகமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் வெறுங்கையோடு திரும்பப் பெரிய காரணம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நன்னீரில் அந்தரத்தில் நிற்கும் 15 கிராம் லூர், கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது என்பதால், உப்புத் தண்ணீரில் மெல்ல மேலே ஏறிவிடும். சுமார் 0.4 கிராம் ஈயக் கம்பியை முன் கொக்கியின் தண்டில் சுற்றினால் சரியாகும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அதே முட்டுக்காடு கிட்டத்தட்ட நன்னீரானால், அந்தக் கம்பியே லூரை அமிழ்த்தும், கழற்றிவிடுங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோதித்தது கணக்கில் சேராது. மீன் பிடிக்கும் இடத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு, லீடரோடு (நரம்பின் முனையில் கட்டும் தடித்த நரம்புத் துண்டோடு) சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

கொக்கி மாற்றினாலும் இதே சிக்கல். பல லூர்களில் கடையிலிருந்து வரும் மெல்லிய முக்கொக்கியை நான்கு கிலோ கொடுவா நிமிர்த்திவிடும். அதனால் 3எக்ஸ் அல்லது 4எக்ஸ் பலமுள்ள கொக்கியும் தடித்த வளையமும் போடத்தான் வேண்டும். போட்டதும் எடை கூடி மூக்கு கவிழும். முன்னும் பின்னும் ஒரே அளவில் மாற்றி, மறுபடி வாளியில் பாருங்கள். லூரை இறுக்கிக் கட்டாமல் சின்னக் கண்ணி விட்டு முடிந்தால்தான் அது இயல்பாக ஆடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் கலங்கல். செம்மண் நிறத் தண்ணீர், மேலே மிதந்து வரும் ஆகாயத்தாமரை. முக்கொக்கி ஒவ்வொரு வீச்சிலும் குப்பையைத்தான் பிடிக்கும். 5 அங்குல ரப்பரில் 4/0 அல்லது 5/0 அளவு அகலக் கொக்கியின் முனையை உள்ளே மறைத்துக் கோத்துவிடுங்கள். இங்கே நிறத்துக்கு வேலை உண்டு. கறுப்பு, அடர் ஊதா போன்றவை கலங்கலில் உருவமாகத் தெரியும், வெயில் கொஞ்சம் இருந்தால் தங்க நிறமும் நல்லது. வெள்ளி கரைந்துபோகும். குப்பை குறைந்த இடத்தில், உள்ளே குண்டு குலுங்கும் வைப் போடலாம், பார்வை இல்லாத நேரத்தில் மீன் அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஒரே தூணை ஒட்டி நான்கைந்து முறை வீசுங்கள், முதல் இரண்டு முறை லூர் போனதே அதற்குத் தெரிந்திருக்காது. கலங்கல் தண்ணீரும் கடலின் பச்சைத் தண்ணீரும் சந்திக்கும் கோடு கண்ணில் பட்டால் மற்ற இடத்தை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் தண்ணீர் குளிரும்போது கொடுவா மந்தமாகும். அப்போது நிறுத்தத்தை இரட்டிப்பாக்குங்கள், வெயில் ஏறிய பிறகு போங்கள்.

இரவில் பாலத்து விளக்கடியில் வெளிச்சத்தின் நடுவே வீசாதீர்கள். மீன் நிற்பது நிழல் பக்கம், ஓட்டத்தைப் பார்த்தபடி. லூர் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழைய வேண்டும். வெளிச்சத்தில் மொய்ப்பது சின்ன இறாலாக இருந்தால் 3 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். மேற்பரப்பு லூர் என்றால் கறுப்பு, கீழிருந்து வானத்தைப் பார்க்கும் கண்ணுக்கு அதுதான் தெளிவாகத் தெரியும். ‘பொளக்’ என்ற சத்தம் கேட்டதும் ராடை (தூண்டில் கம்பை) தூக்கினால் லூர் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். பாரம் கையில் விழும்வரை பொறுங்கள்.

லீடர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கொடுவாவின் உதடு உப்புத்தாள் போல் சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரம் பிளேடு. 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்டுக்கு (பின்னல் நரம்புக்கு) முன்னால் 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு ஒரு மீட்டர் வேண்டும். தெளிந்த தண்ணீரில் 30 வரை இறங்கலாம், சிப்பி ஒட்டிய தூண்கள் அருகே 50க்கு ஏறுங்கள். மீன் துள்ளும்போது ராட் நுனியைத் தாழ்த்துங்கள். செவுளுக்குள் விரலை விடாமல், லிப் கிரிப்பால் (உதட்டைக் கவ்வும் பிடிகருவியால்) பிடித்து, வயிற்றைத் தாங்கித் தூக்குங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், மிகப் பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். அவற்றைத் திருப்பி விட்டுவிடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அடையாற்றிலும் எண்ணூரிலும் கழிவு கலப்பதால் அங்கே கிடைத்ததைச் சமைக்காமல் இருப்பது நல்லது. மீனவர் வலை கட்டியிருக்கும் இடத்தில் வீசவே வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் லூர்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே பெட்டியில் போடுங்கள். ரப்பர் மீனையும் பிளாஸ்டிக் மின்னோவையும் ஒரே அறையில் போட்டால், ரப்பர் இளகி மின்னோவின் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் வீணாகும்.