வேதத்துக்கு அதிகாரம் கொடுத்தது சபையா?

கேள்வி: புதிய ஏற்பாட்டில் எந்தெந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததே திருச்சபைதான். அப்படியிருக்க, சபையின் அதிகாரம் வேதத்துக்கு உட்பட்டது என்று நீங்கள் எழுதுவது, பிள்ளை தாய்க்குப் பெயர் வைத்த கதையாக இருக்கிறதே?

பதில்: ‘முடிவு செய்தது’ என்ற சொல்லில்தான் உங்கள் வாதம் வழுக்குகிறது. கி.பி. 367-இல் அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியஸ் தமது பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) மடலில் இன்றைய 27 நூல்களையும் வரிசைப்படுத்தியபோது, இவை நமக்கு ஒப்படைக்கப்பட்டவை என்றுதான் எழுதினார். அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே கொலோசெ சபைக்கு எழுதிய கடிதத்தை லவோதிக்கேயாவிலும் வாசிக்கச் செய்யுமாறு பவுல் கட்டளையிட்டிருக்கிறார். அதற்கு எந்தச் சங்கமும் (ஆயர்கள் கூடும் பேரவையும்) கூடி அவருக்கு அனுமதி வழங்கவில்லை. எபிரெயர் நிருபம் மேற்கிலும் வெளிப்படுத்தின விசேஷம் கிழக்கிலும் நெடுங்காலம் ஐயத்துக்கு உள்ளானது உண்மையே. ஆனால் ‘இது அப்போஸ்தலர் வழி வந்ததா?’ என்பதே அங்கு எழுந்த கேள்வி. ‘இதற்கு நாம் அதிகாரம் வழங்கலாமா?’ என்று எவரும் கேட்கவில்லை. உரைகல்லில் உரசி மாற்றுச் சொல்லும் ஆசாரி பொன்னை உண்டாக்குவதில்லை.

நீங்கள் சொல்வதை ரோமே, அதாவது கத்தோலிக்கத் தலைமையே, ஏற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். இந்நூல்கள் திருச்சபை பின்னர் ஒப்புதல் அளித்ததால் புனிதமானவை அல்ல, கடவுளையே ஆசிரியராகக் கொண்டு திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டதாலேயே புனிதமானவை என்று முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரலில் அறிவித்தது. அடுத்த மூன்றே மாதங்களில் போப்பின் தவறா வரத்தை (விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அவர் அதிகாரபூர்வமாக வரையறுப்பதில் தவற மாட்டார் என்பதை) கோட்பாடாக அறிவித்ததும் அதே சங்கம்தான். சபையின் அதிகாரத்தைக் குறைத்து மதிப்பிட்டதாக அதன்மீது யாரும் குற்றம் சாட்ட முடியாது.

உண்மையான வழக்கு, வேதத்தின் பொருளைச் சொல்வதில் இறுதி வார்த்தை யாருடையது என்பது. இங்கே வழக்கமாகத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார்: கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரம் தம்மைத் தூண்டியிராவிட்டால் நற்செய்தியை நம்பியிருக்க மாட்டேன் என்று மானி என்பவரைப் பின்பற்றிய மானியருக்கு எதிராக அவர் எழுதியது மெய். சமாரியப் பெண்ணின் சொல் கேட்டு அவ்வூரார் இயேசுவிடம் வந்ததும் மெய். அதனால் அவரைக் கிறிஸ்துவாக நியமித்தவள் அவள் என்று ஆகிவிடாது. கத்தோலிக்கர் முதல் போப்பாகக் கருதும் பேதுருவை அந்தியோகியாவில் பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்ததைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அது பேதுருவின் நடத்தையைப் பற்றியதேயன்றிப் போதனையைப் பற்றியதல்ல என்று கத்தோலிக்க அறிஞர்கள் விடையளிப்பார்கள். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டாலும், பவுல் அங்கே நீட்டிய அளவுகோல் ‘சுவிசேஷத்தின் சத்தியம்’ என்பது மாறவில்லை.

இதைப் படித்து நம் புராட்டஸ்டண்டு தரப்புப் போதகர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். கணக்குக் கேட்கும் சபையாரை ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே’ என்று மிரட்டுகிறவர்கள், ரோமை நோக்கி விரல் நீட்டுமுன் சங்கீதம் 105-ஐ முழுவதும் வாசிக்கட்டும். அங்கே எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். காக்கப்படுகிறவர்கள் சொந்த நிலமின்றி அலைந்த ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும்.