மைத்துனரின் கடனும் செனெக்காவின் மடியும்

கேள்வி: என் மாதச் சம்பளம் 55,000 ரூபாய், வீட்டுச் செலவு 36,000. மைத்துனரின் கடைக்காக என் பெயரில் 6 லட்சம் தனிநபர் கடன் எடுத்து, தவணையையும் நானே கட்டுகிறேன். இப்போது மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் 3 லட்சம் தரச் சொல்கிறார். ரோமானிய அறிஞர் செனெக்காவைப் படித்து எளிய வாழ்வுக்குப் பழகிவருவதால் தாங்கிவிடலாம் என்று நினைத்தாலும் தூக்கம் வரவில்லை. மிஞ்சும் பணத்தை, காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப் திட்டத்தில் போடலாமா?

பதில்: செனெக்காவைப் படிப்பவருக்குச் சிக்கனம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய 18ஆம் கடிதத்தில், சில நாட்கள் மலிவான உணவோடும் முரட்டு உடையோடும் இருந்து, ‘இதற்குத்தானா பயந்தோம்?’ என்று கேட்டுப்பார்க்கச் சொல்கிறார். விதி பறித்துக்கொள்ளும் நாளுக்கான பயிற்சி அது. மைத்துனர் கேட்கும்போதெல்லாம் கையெழுத்துப் போட்டு அந்த நாளை நீங்களே வரவழைத்துவிட்டு, அதைத் தாங்குவதை மனவுறுதி என்கிறீர்கள்.

14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் தவணை ஏறக்குறைய 14,000, மிஞ்சுவது 5,000. நகைக்கடனுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டியே 3,000 போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

பிரிட்டானியர்களுக்கு நான்கு கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடன் கொடுத்திருந்தார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதும் அளவுக்குக் கடனை அறிந்தவர் செனெக்கா. தங்கச் சாமான்களோடு பயணம் செய்து, எல்லா மாகாணங்களிலும் நிலம் வைத்திருப்பவனும் ஏழைதான், ஏனெனில் அவன் கடன்பட்டிருக்கிறான் என்று 87ஆம் கடிதத்தில் எழுதுகிறார். ரோமில் மாத முதல் நாளே வட்டி கட்டும் நாள். அதைத் துயர நாள் என்றார் கவிஞர் ஹொராஸ். உங்கள் தூக்கமின்மையும் அந்த வகைதான்.

உறவுக்கு உதவவே கூடாதா என்று கேட்பீர்கள். நல்வாழ்வு பற்றிய தம் நூலில், ஞானியின் மடி எளிதில் அவிழும், ஆனால் அதில் ஓட்டை இருக்காது. அதிலிருந்து நிறைய வெளியே போகும், எதுவும் தவறி விழாது என்கிறார் செனெக்கா. கையில் இருப்பதைத் தெரிந்து கொடுப்பதுதான் அவர் சொல்லும் கொடை. இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுப்பது அதில் சேராது.

14 சதவீத வட்டி கட்டிக்கொண்டே, ஐந்தாண்டு எடுக்க முடியாத யூலிப்பில் பணத்தை முடக்குவதில் எந்தப் பொருளும் இல்லை. முகவர் எவ்வளவு அழகாகப் படம் போட்டுக் காட்டினாலும் வேண்டாம். மாதம் 4,000 கூடுதலாகக் கடனுக்கே கட்டினால் ஐந்தாண்டுக் கடன் சுமார் மூன்றரை ஆண்டில் தீரும். முன்கூட்டிக் கட்டக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். மைத்துனரைக் கடையின் வரவு செலவுக் கணக்கோடு வரச்சொல்லி, அடுத்த மாதம் முதல் தவணையில் பாதியையாவது அவரே கட்ட வேண்டும் என்று, உங்கள் மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு நேரில் சொல்லுங்கள்.