"தாத்தா தூங்குறார்" என்று சொல்லிவிட்டோம். இப்போது மகள் தூங்க மறுக்கிறாள்

கேள்வி: என் மாமனார் மாரடைப்பில் இறந்து நான்கு வாரம் ஆகிறது. ஜெலுத்தோங்கில் எங்களோடுதான் இருந்தார். மகளுக்கு ஆறு வயது, பாலர் பள்ளிக்குப் போகிறாள். உடலை வீட்டில் கிடத்தியிருந்தபோது "தாத்தா தூங்குறார், சத்தம் போடாதே" என்று சொல்லி, சுங்கை பட்டாணியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். திரும்பி வந்து கேட்டதும் "சாமிகிட்ட போயிட்டார்" என்றோம். இப்போது இரவில் தூங்க மறுக்கிறாள். நான் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்புகிறாள். தாத்தாவின் மாலை போட்ட படம் இருக்கும் ஹாலுக்குத் தனியாக வர மாட்டேன் என்கிறாள். பதின்மூன்று வயது மகன் எட்டாம் துக்கம் முடிந்த மறுநாளே ஃபுட்சால் ஆடப் போய்விட்டான். சொந்தக்காரர்கள் "நெஞ்சில் ஈரமே இல்லை" என்கிறார்கள். கணவர் இதுவரை ஒரு சொட்டு அழவில்லை. வேலை முடிந்து வந்ததும் கீழே இறங்கி, அப்பாவின் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் யாரைத் தேற்றுவது? – பினாங்கு வாசகி

பதில்: முதலில் மகள். அவசரம் அங்கேதான்.

அவளிடம் கோளாறு ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். தாத்தா தூங்கினார், எழுந்திருக்கவே இல்லை. இப்போது அம்மாவும் கண்ணை மூடுகிறாள். உலுக்கிப் பார்க்காமல் வேறென்ன செய்வாள்?

சாவு என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாவைச் சொல்ல நம்மிடம் எத்தனை வழி! காலமானார், தவறிட்டார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார். பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டினால் ஒருவர்கூடச் செத்திருக்க மாட்டார். பெரியவர்களுக்குள் அது மரியாதை, ஏனென்றால் சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு அது தெரியாது. என்னிடம் வந்த ஒரு பையன், "பாட்டி தவறிட்டாங்க" என்று கேட்டுவிட்டு, பாட்டி அப்படி என்ன தப்புச் செய்தார் என்று மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். இன்னொரு வீட்டில் "நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து வேண்டுமென்றே குறும்பு செய்யத் தொடங்கியது.

பிள்ளைகள் சாவை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் நகரில் செய்த ஆய்வு 1948-இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ நினைத்தார்கள். போனவர் திரும்பி வரலாம். ஒன்பது, பத்து வயதில்தான் அது எல்லோருக்கும் வரும், திரும்பாது என்று தெளிந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகள், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பிடிபட்டுவிடுகிறது என்கின்றன. உங்கள் மகளுக்கு ஆறு. நேராகச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான்.

ஆகவே இன்றோ நாளையோ, பகல் நேரத்தில், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் சொன்னதைத் திருத்துங்கள்: "தாத்தா தூங்குறார்னு அம்மா சொன்னேன்ல, அது சரியில்லை. தாத்தா செத்துட்டார். செத்துட்டார்னா, உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்ப எழுந்து வர முடியாது." "செத்துட்டார்" என்பது வாயில் வரவில்லை என்றால் "இறந்துட்டார்" என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கு என்ன பொருள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

காரணத்தையும் விடாதீர்கள். "உடம்பு சரியில்லாம செத்துட்டார்" என்று நிறுத்திவிட்டால், அடுத்து வீட்டில் யாருக்காவது சளி பிடித்தாலே நடுங்குவாள். "தாத்தாவோட இருதயம் ரொம்பக் கெட்டுப்போச்சு, டாக்டர் எவ்வளவோ பார்த்தும் சரிபண்ண முடியலை. இது சளி காய்ச்சல் மாதிரி இல்லை." காரணம் சொல்லாத வீடுகளில் பிள்ளையே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் தன்னையே: அன்றைக்குத் தாத்தா கேட்டும் முத்தம் கொடுக்கவில்லை, அதனால்தான்.

"நீயும் சாவியா?" என்று கேட்பாள். மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "எல்லாரும் ஒருநாள் சாவாங்க. அம்மா ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன்னு நினைக்கிறேன். எனக்கு என்ன ஆனாலும் உன்னைப் பார்த்துக்க அப்பா இருக்கார், பெரியம்மா இருக்காங்க." அவள் உண்மையில் கேட்பது கடைசி வாக்கியத்தைத்தான்.

இரவுக்கு ஒரு வழி. விளக்கை அணைக்கும் முன் அவள் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு ஏறி இறங்குவதை அவளே உணரட்டும். "தூங்கும்போதும் இது நிக்காது. தூக்கம் வேற, சாவு வேற." நடு இரவில் எழுந்தால் உலுக்க வேண்டாம், இப்படிக் கையை வைத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொடுங்கள். சில வாரம் ஒரே பாயில் படுத்தாலும் குடி முழுகிப்போகாது. பாலர் பள்ளிப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பதும், மழலை பேசுவதும் இந்தச் சமயத்தில் சகஜம்.

சாமியைப் பற்றி: உங்கள் நம்பிக்கையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் "தாத்தாவோட உயிர் சாமிகிட்ட இருக்குன்னு நாம நம்புறோம்" என்று சொல்லுங்கள். வரிசை மாறினால் "சாமி எப்போ திருப்பி அனுப்புவார்?" என்றுதான் கேள்வி வரும்.

அடுத்து, உடல் எங்கே என்பாள். இதற்குத்தான் பெரியவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். பத்து லஞ்சாங் மின்சுடலைக்குக் கொண்டுபோனோம், அங்கே உடம்பைச் சாம்பலாக்கினார்கள், செத்த உடம்புக்குச் சூடு தெரியாது, வலிக்காது என்று சொல்லலாம். "வலிக்காது" என்பதை முதலிலேயே நன்றாக விளக்கியிருந்தால் இது அவ்வளவு பயமாக இருக்காது. அஸ்தி கரைத்த இடத்துக்கு ஒரு மாலை அழைத்துப்போய், அவள் கையால் நாலு பூ போட விடுங்கள். வழியனுப்ப அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை அல்லவா? அக்கா வீட்டுக்கு அனுப்பியதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளைச் சாவு வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நம்மில் பலரும் வளர்ந்த விதம். ஆனால் என் கருத்து வேறு. என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி, வர விருப்பமா என்று கேட்டு, அவளை மட்டும் கவனிக்க ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்தால், ஆறு வயதுப் பிள்ளை தாராளமாக இருக்கலாம். பயந்தால் வெளியே கூட்டிப்போக ஆள் இருக்கிறாரே.

சரி, மகன். அவனுக்கு ஈரம் இருக்கிறது. பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுப் பெய்யும் மழை மாதிரி; கொட்டும், சட்டென்று வெறிக்கும், எதிர்பாராத நேரத்தில் மறுபடி கொட்டும். பெரியவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான். ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் இதைத்தான் சொன்னார்கள்: துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போக்குவரத்துதான் தாங்கும் சக்தியைத் தருகிறது. ஃபுட்சால் அவனுக்கு அந்த மறுபக்கம். சொந்தக்காரர்கள் அவன் காதுபட ஏதாவது சொன்னால், அவன் முன்னாலேயே அவர்களைத் தடுத்துப் பேசுங்கள். அது போதும். அவனிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து "மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்பான். காரில் போகும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் இந்த வயதில் வாய் திறக்கும். வகுப்பாசிரியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கணவர் விஷயத்தில் கப்சாயை மறுபடி பாருங்கள். கொள்ளி வைத்தவர், மருத்துவமனைக்கும் ஐயருக்கும் உணவுக்கும் கணக்குப் பார்த்தவர், பதினாறாம் நாள் கருமக்கிரியை வரை நின்ற காலில் நின்றவர். அவருக்கு அழ நேரம் எங்கே இருந்தது? வேலைக்கும் உடனே திரும்பியிருப்பார். நம் நாட்டு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது, முதலாளி கொடுத்தால் உண்டு. பதினாறு முடிந்ததும் கூட்டமும் கலைந்துவிடும், ஃபோனும் அடிக்காது. இப்போது அவர் அழும் விதம் அந்தத் துணிதான். பறிக்காதீர்கள். நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காமல், "மாமா இந்த வண்டியை எப்போ வாங்கினார்?" என்று கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அப்பா வண்டியைத் துடைப்பதைப் பார்த்து, தாத்தா ஓட்ட வரப்போகிறார் என்று மகள் நினைக்கலாம். "தாத்தா ஞாபகமா அப்பா துடைக்கிறார்" என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கும் வேண்டியதாக இருக்கும்.

"இது துக்கத்தின் எத்தனையாவது கட்டம்?" என்று சிலர் கேட்பதுண்டு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டக் கணக்கை 1969-இல் எழுதிய மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ், சாகப்போகும் நோயாளிகளோடு பேசி அதைச் சொன்னார். உறவை இழந்தவர்கள் ஏற வேண்டிய ஏணிப்படியாக அல்ல. உங்கள் வீட்டில் யாரும் படி தவறிவிடவில்லை.

இந்த வருடம் தீபாவளி கொண்டாட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதையும் மகளிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டனை என்று நினைப்பாள். நீங்கள் முறுக்கு சுட வேண்டாம், திறந்த இல்ல உபசரிப்பு வைக்க வேண்டாம். ஆனால் பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பதில் எந்தத் தாத்தாவும் குறை காண மாட்டார். கேட்கும் சொந்தக்காரர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்க்கையே ஓடாத அளவுக்குக் கடுமையாக நீடிக்கும் துக்கத்தை ஒரு தனிக் கோளாறாகக் கணக்கிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்கு ஒரு வருடம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்கிறது. இதற்காக நீங்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. மகள் வாரக்கணக்கில் சாப்பிடாமலோ பள்ளிக்குப் போகாமலோ இருந்தால், கணவர் குடியில் இறங்கினால், பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) போய் மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். "நானும் தாத்தாகிட்டப் போறேன்" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால் பெரும்பாலும் பார்க்க ஆசை என்றுதான் பொருள். பதறாமல், போய் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அதையே மகனோ கணவரோ சொன்னால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். அழைக்க வேண்டிய உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999.

கடைசியாக, படம். எடுத்து ஒளித்துவைக்க வேண்டாம். மாலை போட்ட அந்தப் படத்தில் இருப்பவர் அவளுக்கு அந்நியர். பொட்டு வைத்து, விறைத்துப் பார்க்கும் யாரோ ஒருவர். கப்சாயின் முன் கூடையில் ரொட்டியோ, பின்சீட்டில் இவளோ இருக்க, தாத்தா சிரிக்கும் ஒரு படம் யாருடைய ஃபோனிலாவது இருக்கும். கழுவி, மாலை போடாமல், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.