மான் வேட்டை ரைஃபிளுக்குப் புதுக் குழல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மைத்துனர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். உரிமம் பெற்று ஆண்டுதோறும் மான் வேட்டைக்குச் செல்பவர். பதினைந்து ஆண்டுகளாக அவர் வைத்திருக்கும் .308 வின்செஸ்டர் ரைஃபிள் இப்போது நூறு கஜத்தில் நான்கு அங்குல அகலத்துக்குக் குண்டுகளைச் சிதறடிக்கிறதாம். கிரீகர், பார்ட்லைன் போன்ற பெயர்பெற்ற பட்டறை ஒன்றிலிருந்து தனிக் குழல் வரவழைத்துப் பொருத்த நினைக்கிறார். நான் இங்கே ரைஃபிள் கிளப் உறுப்பினர் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறார். எந்த நிறுவனத்தின் குழலை வாங்கச் சொல்லலாம்?
— ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: நிறுவனத்தின் பெயருக்கு வருவதற்கு முன்னால், குற்றம் குழலினுடையதுதானா என்று உங்கள் மைத்துனர் பார்த்துக்கொள்வது நல்லது. .308 தோட்டா குழலை அவ்வளவு சீக்கிரம் அரிப்பதில்லை. சில ஆயிரம் முறை சுட்ட பிறகுதான், தோட்டா அமரும் அறைக்கு முன்னால், குண்டைச் சுழலவைக்கும் உட்சுவரின் சுழல்வரிகள் தொடங்கும் இடம் வெப்பத்தால் வெடிப்பு விட்டுத் தேயத் தொடங்கும். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது தோட்டா சுடுகிறவர் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆகவே தொலைநோக்கியின் பிடிகள் தளர்ந்துள்ளனவா, ரைஃபிளை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா, குழலின் வாய் விளிம்பு எங்கேனும் அடிபட்டுள்ளதா, குண்டின் மேலுறையிலிருந்து உரிந்த செம்பு உட்சுவரில் படிந்து கிடக்கிறதா என்பவற்றை வரிசையாகச் சோதித்து, அதற்குப் பிறகும் சிதறல் குறையவில்லை என்றால் மட்டும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து நுண்கேமராவால் உள்ளே பார்க்கச் சொல்லலாம். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. புதிய குழலோ பொருத்தும் கூலி நீங்கலாகவே சுமார் நானூறு டாலர் பிடிக்கும்.

குழல்தான் காரணம் என்று உறுதியான பிறகும், முதலில் தீர்மானிக்க வேண்டியது குழலை அல்ல, குண்டை. உட்சுவரின் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றை முடிக்கின்றன என்பதையே ட்விஸ்ட் என்கிறோம். இது எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைக் குண்டின் எடையைவிட அதன் நீளமே நிர்ணயிக்கிறது. ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879-இல் வகுத்த எளிய விதி இன்றும் கைக்கணக்குக்கு உதவுகிறது. குண்டின் விட்டத்தை 150-ஆல் பெருக்கி, நீளம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கோ அந்த எண்ணால் வகுத்தால், ட்விஸ்ட் அங்குலத்தில் கிடைக்கும். விட்டம் 0.308 அங்குலம், நீளம் 1.2 அங்குலம் என்றால் விடை ஏறக்குறைய 12, நீளம் 1.4 அங்குலமானால் ஏறக்குறைய 10.

ஈயத்தின் அடர்த்தி நீரைப் போல் 11.3 மடங்கு, செம்பின் அடர்த்தி 9 மடங்குக்குச் சற்றுக் குறைவு என்பதால், அதே எடையில் முழுச் செம்பால் செய்த குண்டு ஈயக் குண்டைவிட நீளமாகத்தான் இருக்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது. டெக்சஸில் மான் வேட்டைக்கு அத்தகைய தடை இல்லை என்றாலும், இறைச்சியில் ஈயத்துகள் சேர்வதை விரும்பாத பலர் அங்கும் செம்புக்கு மாறி வருகிறார்கள். ஒருமுறை பொருத்திய குழலின் ட்விஸ்டைப் பிறகு மாற்ற வழியில்லை. எனவே பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேட்டு வாங்குவதே விவேகம்; அது இரண்டு வகைக் குண்டுக்கும் ஈடுகொடுக்கும். பன்னிரண்டில் வாங்கிவிட்டு, நாளை நீளமான செம்புக் குண்டு நிலைகொள்ளாமல் தள்ளாடுகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

இனி நீங்கள் கேட்ட நிறுவனங்கள். விஸ்கான்சினில் உள்ள கிரீகரும் பார்ட்லைனும் வரிகளைச் சிறு கொக்கிவெட்டி ஒன்றால், ஒவ்வோர் இழுப்பிலும் மயிரிழையிலும் மெல்லியதாகச் சீவி வெட்டுகின்றன. நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் உலோகத்துக்குள் இறுக்கம் ஏறுவதில்லை. டெக்சஸிலேயே எனிஸ் நகரில் இருக்கும் ஷைலனும், மொன்டானாவின் லில்ஜாவும், கார்பைடில் செய்த பொத்தான் போன்ற கருவியைத் துளைக்குள் செலுத்தி வரிகளை அழுத்திப் பதிக்கின்றன. இம்முறையில் உலோகத்தில் ஏறும் இறுக்கத்தை வெப்பமூட்டித் தணிக்க வேண்டும், நல்ல பட்டறைகள் அதைத் தவறாமல் செய்கின்றன. பெரிய தொழிற்சாலைகளின் குழல்கள் பெரும்பாலும், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் வளர்ந்த, சுத்தியல்களால் அடித்து உருவாக்கும் முறையில் வருபவை. மான் வேட்டைக்கு எது சிறந்தது என்று கேட்டால், முதல் இரண்டுக்கும் இடையே நான் வேறுபாடு பார்க்க மாட்டேன். கேட்க வேண்டியவை வேறு. உட்சுவரை ஈய அச்சும் உராய்பொடியும் கொண்டு கையால் மெருகேற்றியிருக்கிறார்களா? துளையின் விட்டம் முழு நீளத்துக்கும் ஒரே சீராக உள்ளதா என்று காற்றழுத்த மானியால் அளந்திருக்கிறார்களா? வாய்ப்புறம் விட்டம் ஒரு நூலிழை குறைந்தால் கெடுதலில்லை; அங்கே விரிந்திருந்தால் அந்தக் குழல் ஒருநாளும் நன்றாகச் சுடாது.

உலோகத்தைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளை அவர் படிக்காமல் இருப்பதே மேல். 416ஆர் எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் 4140 எனப்படும் குரோம்-மாலிப்டினம் எஃகும் இரண்டுமே நம்பத்தக்கவை. முன்னது துருவைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால், வளைகுடாக் கடலோர ஈரக்காற்றில் வசிப்பவருக்கு அதுவே தோது. நீளம் 22 அங்குலம் போதும். ஓர் அங்குலம் கூடினால் நொடிக்கு இருபது, இருபத்தைந்து அடி வேகம் மட்டுமே கூடும். மறைவிடத்துக்குள் உட்கார்ந்து சுடுபவருக்கு அந்த வேகத்தைவிடக் கையாளும் சௌகரியம் முக்கியம். குழலின் பருமனை அவர் நடக்கும் தூரத்தை வைத்து முடிவுசெய்யட்டும்.

பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று என்னைக் கேட்டால், குழலின் மேல் பொறிக்கப்பட்ட பெயருக்கு அல்ல, அதைப் பொருத்தும் கன்ஸ்மித்துக்கு என்பேன். தனிக் குழல் என்பது தைக்காத பட்டுத்துணி மாதிரிதான். அளவெடுத்துத் தைக்கிற கையில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது. அறையைத் துளையின் மையக்கோட்டிலிருந்து இம்மியும் விலகாமல் குடைவதும், ரைஃபிளின் உடற்பகுதிக்கு நேராக மரை வெட்டுவதும், வாய் விளிம்பைச் சீராகச் சீவுவதும் அவர் வேலை. தோட்டா அமரும் ஆழத்தை அவர் அளவுமானி வைத்துச் சரிபார்த்தே தீர வேண்டும்: .308-க்கு 1.630 அங்குல மானி வைத்தால், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குல மானி வைத்தால் மூடக் கூடாது. இது துல்லியத்துக்கு மட்டுமல்ல, சுடுபவரின் முகத்துக்கும் கண்ணுக்குமான பாதுகாப்பு. இந்த அளவைக் காட்டத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகள் விழுந்தால் நிறைவான வேலை. ஒன்றரை அங்குலம் ஆனாலும் மானுக்குப் போதும், ஏனெனில் மானின் உயிர்நிலை ஏறத்தாழ எட்டு அங்குல அகலம் உடையது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைத்துனர் கிரீன் கார்டு இல்லாமல் எச்1-பி போன்ற விசாவில் இருந்தால், அந்நாட்டு மத்தியச் சட்டப்படி அவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. முறையான வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்வி வகுப்பும் கட்டாயம்.

கேள்வி: அதே வாசகர் தொடர்ந்து கேட்கிறார்: குழலை மாற்றினால், பழைய குழலை எனக்கு நினைவுப்பொருளாகச் சென்னைக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வெறும் குழாய்தானே, கொண்டுவரலாமா?

பதில்: கூடவே கூடாது. அமெரிக்காவில் எண் பொறிக்கப்பட்ட உடற்பகுதிதான் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. அங்கே குழலைத் தபாலிலேயே வரவழைக்கலாம். நம்முடைய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ ஆயுதத்தின் பாகத்தையும் ஆயுதம் என்றே கொள்கிறது. இறக்குமதி உரிமம் இல்லாமல் அது மீனம்பாக்கத்தில் இறங்கினால், நினைவுப்பொருள் என்ற விளக்கம் எடுபடாது. அந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதி செய்யவும் அவர்களுடைய வர்த்தகத் துறையின் அனுமதி வேண்டும். தேய்ந்து பயனற்றது என்பதால் சட்டத்தில் சலுகை ஏதும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது நினைவுப்பொருள்தான் என்றால், சுட்ட குறித்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மைக்ரான் சுத்தமாக வேலை செய்து கொடுக்கிறோம். உறவினர் ஒருவர் உரிமம் பெற்ற தம் துப்பாக்கியின் குழலை இரண்டு அங்குலம் குறைத்து, வாயைச் சீவித் தரக் கேட்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் லேத்தால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் தொடாதீர்கள். துப்பாக்கி அவருடைய உரிமத்தில் இருப்பது வேறு, குழலைக் குறைப்பதற்கான உரிமம் வேறு. ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு உரிமமின்றிக் குழலைக் குறைப்பதைத் தடைசெய்கிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அதற்குத் தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய சிறை. உறவினரை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் அனுப்பிவிடுங்கள்.