டர்போ காரில் முதலில் எதைத் தொடுவது: பெட்ரோலையா, டைமிங்கையா?

கேள்வி: என்னிடம் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ இருக்கிறது. பெரிய டர்போ, முன்பக்க இன்டர்கூலர், 3 இன்ச் டவுன்பைப், 380 சிசி இஞ்செக்டர் எல்லாம் போட்டு ஈசியூவையும் (எஞ்சினின் கணினி) ரீமேப் செய்தாயிற்று. 4வது கியரில் 4,000 ஆர்பிஎம் தாண்டி முழு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வரும்போது வண்டி திக்கித் திணறுகிறது. வைட்பேண்ட் மீட்டர் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று காட்டியதால் ட்யூனர் பெட்ரோலைக் கூட்டினார். இப்போது பெட்ரோல் வாடை வருகிறது, திணறலும் அதிகமாகிவிட்டது. டைமிங்கை 3 டிகிரி ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்? (வாசகர், கோவை)

பதில்: டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை ஏற்றுவது என்றால் பொறியை இன்னும் முன்கூட்டியே விடுவது. பெட்ரோலையும் இனிமேல் கூட்ட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வண்டிக்குப் பெட்ரோல் பற்றாக்குறை இல்லை. மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது சில நேரம் பொறி பிடிக்காமல் போகிறது என்றே நினைக்கிறேன்.

வைட்பேண்ட் சென்சார் புகையில் இருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி பிடிக்காமல் போனால், அதில் இருந்த காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியே வரும். எரியாத பெட்ரோலை சென்சார் சரியாகக் கணக்கில் எடுக்காது. கூட வந்த ஆக்சிஜனைப் பார்த்து 'லீன்' என்று சொல்லிவிடும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் கலவை இன்னும் ஈரமாகும், பிளக் இன்னும் திணறும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். லீன் அளவும் பெட்ரோல் வாடையும் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தீப்பொறியைத்தான்.

பூஸ்ட் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் அந்த வோல்டேஜைத் தரும் தனித்தனி காயில். வயதான காயில் ஐடிலில் நன்றாக வேலை செய்யும், முழு பூஸ்டில் கையை விரித்துவிடும். அதனால் ஒரு படி கூலான (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) பிளக் போட்டு, இடைவெளியை 0.7 மி.மீ. அளவுக்குக் குறையுங்கள். 4 காயிலையும் பாருங்கள். ஒன்றில் விரிசலோ கருப்புத் தடமோ தெரிந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து காற்றுக் கசிவு. இந்த எஞ்சின் உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் வழியாக அளக்கிறது. சென்சார் எண்ணிய காற்று இன்டர்கூலர் குழாயின் ஏதோ ஒரு கிளாம்ப் வழியாக வெளியே போனால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழும். பூஸ்டில் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். பூஸ்ட் இல்லாத ஐடிலில் அதே ஓட்டை கணக்கில் வராத காற்றை உள்ளே இழுத்து லீன் ஆக்கும். இரண்டு பக்கமும் முரணாகத் தெரிவதால் பலர் மேப்பைத்தான் குறை சொல்வார்கள். குழாய்க்குள் புகையை ஏற்றிக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் ஒன்று போட்டால் சில நிமிடத்தில் விஷயம் வெளிவந்துவிடும். இந்த வயது வண்டியில் சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருப்பது சகஜம்.

இதெல்லாம் முடிந்த பிறகு ட்யூனர் கூட்டிய பெட்ரோலைப் பழைய அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம் அளக்கலாம்.

அளவை லாம்டாவில் பாருங்கள். 14.7, 12.5 என்ற காற்று-பெட்ரோல் விகித எண்களில் பேசினால் இன்றைய பெட்ரோலில் குழப்பம்தான் மிஞ்சும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குத்தான் 14.7, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளிலும் அது முழுதாக எரியத் தேவையான அளவு காற்று சரியாக இருக்கிறது. 1-க்குக் கீழே ரிச், மேலே லீன். நிதான ஓட்டத்தில் லாம்டா 1, பூஸ்ட் தொடங்கும்போது 0.90 பக்கம், முழு பூஸ்டில் 0.80 முதல் 0.83 வரை இருந்தால் இந்த எஞ்சினுக்குப் போதும். 'ரிச்சா இருந்தா சேஃப்' என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 0.75-க்குக் கீழே போனால் மிஸ்ஸிங் வரும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வீணாகும்.

ஆர்பிஎம் ஏற ஏற லாம்டா மெல்ல மெல்ல லீன் பக்கம் நகர்ந்தால் மேப்பில் கை வைக்காதீர்கள். பெட்ரோல் பம்ப் களைத்துப்போயிருக்கலாம், அல்லது இஞ்செக்டர் எல்லைக்கு வந்திருக்கலாம். பிரஷர் ரெகுலேட்டர் 3 பார் என்றால் 1 பார் பூஸ்டில், இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலில் 4 பார் இருக்க வேண்டும். ஒரு கேஜ் மாட்டிப் பார்த்துவிடுங்கள். இஞ்செக்டருக்கு எளிய கணக்கு உண்டு. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்று, அதாவது 4 ஸ்ட்ரோக்கும் முடிய 20 மில்லிசெகண்ட். லாகில் (ஓட்டத்தின்போது ஈசியூவிலிருந்து எடுக்கும் பதிவில்) இஞ்செக்டர் 17 மில்லிசெகண்ட் திறந்திருந்தால் 85 சதவீதம். அதற்கு மேல் போகவிடக் கூடாது.

பெட்ரோல் அளவு நம்பும்படி ஆன பிறகுதான் டைமிங். இதை டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி சக்தியை அளக்கும் மெஷின்) செய்யுங்கள். ரோட்டில் 4வது கியர் முழு த்ராட்டில் போவது உங்களுக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. டைனோ கிடைக்காவிட்டால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற மூடிய டிராக் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே அனுமதி கிடைக்கும் நாளில் லாக் எடுக்கலாம்.

டைமிங்கை எப்போதும் குறைந்த பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இப்போதைய மேப்பில் முழு பூஸ்ட் பகுதியில் 4 டிகிரி இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். பூஸ்டை மாற்றாமல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 டிகிரி ஏற்றுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் டார்க் (முறுக்கு விசை) கூடிக்கொண்டே வரும், பிறகு கூடுவது குறையும். 1 டிகிரி ஏற்றியும் டார்க் அசையவில்லை என்றால் அங்கே நிறுத்தி 1 டிகிரி பின்வாங்குங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சக்தி வராது, பிஸ்டனுக்கு அடிதான் விழும். உங்கள் வண்டியில் அந்த இடம் வருவதற்கு முன்பே நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வந்துவிடலாம். அப்போது நாக்கிங்தான் எல்லை.

அதைக் காதால் கேட்டுப் பிடிக்க முயலாதீர்கள். ஈசியூவைப் படிக்கும் விசிடிஎஸ் சாஃப்ட்வேரில் 020-ஆம் குரூப்பைத் திறந்தால் ஈசியூ ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை டிகிரி இறக்குகிறது என்று தனித்தனியாகக் காட்டும். எப்போதாவது 2, 3 டிகிரி வந்து போனால் கவலை வேண்டாம். நான்கிலும் 5, 6 டிகிரி நின்றால் மேப் அதிகம். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் வந்தால் அந்தச் சிலிண்டரின் இஞ்செக்டர், பிளக், காயிலைப் பாருங்கள். மற்ற மூன்றையும் தண்டிக்க வேண்டியதில்லை.

3,000 முதல் 4,500 வரை, டார்க் உச்சத்தில் இருக்கும் பகுதியில் டைமிங்கைக் குறைவாகவே வையுங்கள். சிலிண்டர் அங்கேதான் அதிகம் நிரம்புகிறது. அதற்கு மேலே ஆர்பிஎம்முடன் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ரொம்பவும் இறக்கி வைப்பதும் தப்பு. எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்குப் போகும். எக்ஸாஸ்ட் வெப்பம் 950 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள்.

இ20 பற்றி ஒரு விஷயம். நாக்கிங்கைத் தாங்குவதில் எத்தனால் நல்லது. ஆனால் இ10-ஐவிடப் பெட்ரோல் அளவு சுமார் 4 சதவீதம் கூடுதலாக வேண்டும். இ10-ல் 85 சதவீதத்தில் நின்ற இஞ்செக்டர் இ20-ல் 88-ஐத் தாண்டிவிடும். உங்கள் வண்டி இ20 வருவதற்கு ரொம்ப முந்தியது. ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரே வகைப் பெட்ரோலை முடிவு செய்து, டேங்கைக் காலி செய்து அதை நிரப்பிய பிறகே டைனோவுக்குப் போங்கள்.

டைனோவில் முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் எவ்வளவு மாறியது என்று லாகில் பாருங்கள். 35-ல் தொடங்கி 60-க்கு வந்துவிட்டால் கடைசி ஓட்டத்தில் தாங்கிய டைமிங்கையே நம்புங்கள். காலைக் குளிரில் கிடைத்த எண்ணை வைத்து மேப்பைப் பூட்டினால், மே மாதம் மதியம் அவினாசி ரோடு சிக்னலில் நின்று கிளம்பும்போது அதே டைமிங்கை எஞ்சின் தாங்காது.